டெபியன் 13: புது வெளியீட்டை மடிக்கணினியிற் பரீட்சித்தல்

கணிப்பொறி வாங்குங்கால் அதனோடு வந்த இயங்குதளத்தையே அதன் ஆயுள் முடியுமளவும் வைத்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மவரிற் பலர்க்கு உண்டு. அஃது அவ்வாறன்று என்பதை மாணவர் சிலர் அறிவர். ஆயினும், வேறோர் இயங்குதளத்தை ஏற்றிப் பார்க்க நினைக்குமிடத்து, உள்ள கோப்புகள் அழிந்துபோமோ, யந்திரம் கெட்டுவிடுமோ என்னும் அச்சம் அவரையும் தடுத்துவிடுகின்றது. அவ்வச்சம் எவ்வளவிற்கு நியாயமானது, எவ்வளவிற்கு வீணானது என்பதைப் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். உதாரணமாக எடுத்துக்கொள்வது, 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9 ஆம் தேதி வெளிவந்த டெபியன் 13 என்னும் லினக்ஸ் வெளியீடு.

இவ்விஷயம் இப்போது எழுதத்தக்கதாயிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், பெரும்பாலும் 2017 ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட பிராஸசரும் உடைய யந்திரங்களையே முறைப்படி ஏற்கும். ஆகவே, விசைப்பலகையும் திரையும் பழுதின்றி, கணக்குப் போடவும் கட்டுரை எழுதவும் முற்றும் தகுதியாயுள்ள எத்தனையோ மடிக்கணினிகள், சில நிபந்தனைகளின்மேற் பெறத்தக்க குறுகிய நீட்டிப்பு நீங்கலாக, பாதுகாப்புத் திருத்தம் பெறும் வழியின்றி நின்றுவிட்டன. ஒரே யந்திரத்தைத் தமையன் படித்து முடித்தபின் தம்பி கொண்டுவரும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமன்று.

லினக்ஸ் என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகின்றது. நுணுகி நோக்குமிடத்து, அது கெர்னல் என்னும் நடுவுறுப்பின் பெயரே. பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தாம் அதனை எழுதிவருவதை 1991 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உலகிற்கு அறிவித்தார். பிராஸசர், நினைவகம், வட்டு, திரை முதலியவற்றிற்கும் நாம் ஓட்டும் நிரல்களுக்கும் இடையே நின்று, யாருக்கு எது எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுப்பது கெர்னலின் தொழில். கலியாண வீட்டிற் பந்தி விசாரிப்பவர் ஒருவர் இருப்பாரன்றோ? அவர் வேலை போன்றது இது. ஆனால் பந்தி விசாரிப்பவர் மட்டும் இருந்து சோறும் கறியும் இல்லையாயின் விருந்து ஆகாது. கோப்புகளை நகலெடுக்கும் சிறு கருவிகளும், சாளரங்களைத் திரையில் வரையும் நிரல்களும், உலாவியும், எழுத்துருக்களும் சேர்ந்தாலன்றிக் கணிப்பொறி நமக்குப் பயன்படாது. அக்கருவிகளிற் பல, ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983 ஆம் ஆண்டில் அறிவித்த க்னூ என்னும் திட்டத்தில் உண்டானவை. இவையனைத்தையும் திரட்டி, ஒன்றோடொன்று முரணாதபடி இணைத்து, நிறுவும் வழியையும் உடன்வைத்து அளிக்கும் தொகுதிக்கே வழங்கல் என்று பெயர். லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லும்போது நாம் கருதுவது இவ்வழங்கலையே.

வழங்கல்கள் பல. அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று டெபியன். அமெரிக்காவிலுள்ள பர்டியூ சர்வகலாசாலை மாணவராயிருந்த இயன் மர்டாக் என்பவர் அதனை 1993 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் தேதி தொடங்கி, பின்னர்த் தமக்கு மனைவியான டெப்ரா என்பவரின் பெயரோடு தம் பெயரைச் சேர்த்து டெபியன் என்று அழைத்தார். கெர்னலைத் தொடங்கியவரும் டெபியனைத் தொடங்கியவரும் அப்போது மாணவரே என்பதை நம் மாணவர் கவனிப்பாராக. இதன் வெளியீடுகளுக்கெல்லாம் டாய் ஸ்டோரி என்னும் சித்திரப்படத்துப் பாத்திரங்களின் பெயரே இடப்பெற்று வருகின்றது. 13 ஆம் வெளியீட்டின் பெயராகிய டிரிக்ஸி, அப்படவரிசையில் வரும் நீலநிறப் பொம்மை விலங்கு ஒன்றினுடையது. பொம்மைகளை உடைத்துக் குலைக்கும் பையனாகிய சிட்டின் பெயரோ, என்றும் முடிவு பெறாது மாறிக்கொண்டேயிருக்கும் சோதனைக் கிளைக்கு நிரந்தரமாக இடப்பட்டுள்ளது. பெயர் வைத்தவர்க்கு நகைச்சுவை இல்லையென்று ஒருவரும் சொல்லார்.

புது வெளியீடு என்பது எங்ஙனம் உண்டாகின்றது என்பதை அறியாதார், பரீட்சை செய்து என்ன காண்பதென்பதையும் அறியார். டெபியனில் ஒவ்வொரு நிரலும் பொதி என்னும் கட்டாக அமைக்கப்பட்டு முதலிற் சிட் என்னும் கிளையிற் புகும். அங்கே சில நாள் இருந்து, பெருங்குற்றம் ஒன்றும் புலப்படாதாயின், சோதனைக்குரிய இரண்டாங் கிளைக்குத் தானே நகரும். சற்றேறக்குறைய இரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை அவ்விரண்டாங் கிளையை உறையவைப்பர். அஃதாவது, புதிய பதிப்புகளை உள்ளே விடாது நிறுத்திக் குற்றங்களை மட்டும் களைவர். 13 ஆம் வெளியீட்டிற்காக இவ்வுறைதல் 2025 மார்ச்சு நடுவில் தொடங்கிப் படிப்படியாக இறுகியது. முடிவில் நிலைபெற்ற வெளியீடு என்னும் பெயரோடு அது வெளிவரும். நிலைபெற்றது என்னும் சொல்லைப் பலர் தவறாகப் பொருள் கொள்ளுகின்றனர். ஒருக்காலும் பழுதுபடாதது என்பது அதன் பொருளன்று. இனி மாறாதது என்பதே பொருள். இன்று உங்கள் யந்திரத்தில் எவ்வாறு நடக்கின்றதோ, பாதுகாப்புத் திருத்தங்கள் நீங்கலாக, அவ்வாறே அடுத்த வெளியீடு வரையில் நடக்கும். ஆதலின் முதல்நாட் பரீட்சையிற் கண்ட குணம் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு நிற்கும். முதல்நாளிற் கண்ட குறையும் அங்ஙனமே.

இவ்வெளியீட்டில் 69,830 பொதிகள் உள்ளன. முந்திய வெளியீட்டில் இல்லாது புதியனவாகச் சேர்ந்தவை 14,100க்கு மேல்; காலங்கடந்தவையென்று நீக்கப்பட்டவை 8,840க்கு மேல். கெர்னல் 6.12 ஆம் பதிப்பு. மேசைத்தோற்றத்தில் க்னோம் 48, கே.டி.இ. பிளாஸ்மா 6.3, எக்ஸ்எஃப்சிஇ 4.20 ஆகியவற்றுள் விரும்பியதைக் கொள்ளலாம். க்னோம் 48இல், மின்கலத்தை நூறு விழுக்காடு நிரப்பாது எண்பது அளவில் நிறுத்தி அதன் ஆயுளைக் காக்கும் வசதி வந்துள்ளது. யந்திரம் அதற்கு இடங்கொடுப்பதாயிருத்தல் வேண்டும். எப்போதும் மின்சாரத்திற் செருகியே மடிக்கணினியை வைத்திருக்கும் விடுதி மாணவர்க்கு இது மெய்யாகவே பயன்படுவது. நிரல்கள் தற்காலிகமாக எழுதும் கோப்புகளுக்குரிய இடம் இப்போது வட்டிலன்றி நினைவகத்திலேயே, மிஞ்சினால் அதிற் பாதியளவிற்கு, அமைக்கப்படுகின்றது. 4 ஜிகாபைட் நினைவகமே உடைய பழைய யந்திரத்தில் இஃது ஒரு நெருக்கடியாகலாம். வேண்டாதவர் பழைய முறைக்கே மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

கண்ணுக்குத் தெரியாத மாறுதல் ஒன்று உண்டு. 32 பிட் கணிப்பொறிகள் காலத்தை 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து கழிந்த விநாடிகளாக எண்ணி வந்தன. அவ்வெண் 2,147,483,647க்கு மேற் போகமாட்டாது. அந்த எல்லை வருவது 2038 ஜனவரி 19 ஆம் தேதி, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு. அடுத்த விநாடியில், திருத்தம் பெறாத யந்திரம் 1901 ஆம் ஆண்டிற்குத் திரும்பிவிடும். டெபியன் 13இல், பழைய இன்டெல் 32 பிட் வகை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, ஏனைய வகைகளிலெல்லாம் இவ்வெண் 64 பிட்டாக விரிக்கப்பட்டது. விட்டுவிட்ட அந்த 32 பிட் வகைக்கோ, இவ்வெளியீட்டில் நிறுவும் பிரதியே கிடையாது. 12 ஆம் வெளியீடே அவ்வகை யந்திரங்களில் நேரே நிறுவத்தக்கவற்றுட் கடைசி. ஆனால் இங்கே அவசரப்பட்டு மனமுடைய வேண்டா. பழைய மடிக்கணினிகளிற் பல, 64 பிட் பிராஸசரை வைத்துக்கொண்டே 32 பிட் விண்டோஸை ஓட்டி வந்தவை. 2006 ஆம் ஆண்டில் வந்த கோர் 2 டூவோ என்னும் பிராஸசரே 64 பிட் வகையினதுதான். விண்டோஸின் அமைப்புப் பகுதியில் யந்திரத்தைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, பிராஸசர் எவ்வகையினது என்று எழுதியிருக்கும் வரியைப் பார்த்தால் விளங்கும். இயங்குதளத்தின் வகையைப் பார்த்து முடிவு செய்தலாகாது.

இனிப் பரீட்சையின் முறையைக் கூறுவாம். டெபியன் லைவ் என்றொரு பிரதி தருகின்றது. இதனைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே யந்திரத்தைத் துவக்கினால், உள்ளிருக்கும் வட்டைத் தொடாமலே முழு இயங்குதளமும் திரையில் வந்து நிற்கும். இஃது எங்ஙனம் இயலும்? பென்டிரைவில் உள்ள கோப்புகள் யாவும் நெருக்கிச் சுருக்கிய, படிக்க மட்டுமே கூடிய ஒரே தொகுதியாக இருக்கும். அதன்மேல், நினைவகத்தில் வெறுமையான ஓர் அடுக்கைக் கெர்னல் விரிக்கின்றது. படிப்பது கீழடுக்கிலிருந்து, எழுதுவது மேலடுக்கில். அச்சிட்ட புத்தகத்தின்மேல் மெல்லிய கண்ணாடித்தாள் வைத்து அதில் எழுதிப் பார்ப்பதை ஒக்கும் இது. யந்திரத்தை நிறுத்தியவுடன் தாளை எடுத்துவிட்டாற்போல் எழுதியதெல்லாம் மறைந்துபோம். ஆகவே, வட்டினைத் திறந்து எழுதினாலன்றியும், நிறுவும் நிரலை நாமே சொடுக்கி முடிவுவரை நடத்தினாலன்றியும், நம் கோப்புகளுக்கு ஒன்றும் நேராது. அச்சத்திற் பெரும்பகுதி இவ்வளவிலேயே நீங்கும்.

8 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்று போதும். அதிலுள்ளவை யாவும் அழிந்துபோகுமாதலின் வேண்டுவனவற்றை முன்னரே எடுத்துக்கொள்ளல் வேண்டும். பிரதி சில ஜிகாபைட் அளவினது. கல்லூரி வாசகசாலையின் இணைப்பில் இறக்கினால் நலம். இறக்கியபின் பலரும் செய்யாது விடும் காரியம் ஒன்றுளது. பிரதியோடு கூட, ஷா 256 என்னும் கணக்கின் விடையையும் டெபியனார் வெளியிட்டிருக்கின்றனர். 64 இலக்கங்கொண்ட அவ்விடை, கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினும் முற்றும் வேறாகிவிடும். நாம் இறக்கிய கோப்பிற்கு அக்கணக்கை நம் யந்திரத்திற் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். விண்டோஸிலும் இதற்கு உள்ளேயே கட்டளை உண்டு. ஒவ்வாத பிரதியை எழுதிவிட்டு, யந்திரம் பாதியில் நிற்கின்றதே, டெபியன் கெட்டது என்று பழிப்பவர் பலர். பென்டிரைவில் எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸ் என்னும் சிறு நிரல் பேர்பெற்றது. லினக்ஸில் டிடி என்னும் கட்டளையாலும் எழுதலாம். ஆனால் அதற்குக் கேள்வி கேட்கும் வழக்கமில்லை. எந்த வட்டின் பெயரைச் சொன்னாலும் உடனே அதன்மேல் எழுதிவிடும். பெயரை இருமுறை பார்த்தபின்னரே அதனை ஏவுதல் தகும்.

துவக்கும் முன்னர் விண்டோஸ் தொடர்பாக இரண்டு காரியங்கள் உண்டு. முதலாவது, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் நிறுத்து என்னும் பொத்தானை அமுக்கினால் யந்திரம் முற்றும் நிற்பதில்லை. அடுத்தமுறை விரைவில் எழும்பொருட்டு அரைத் தூக்கத்திற் போகின்றது. அந்நிலையில் விண்டோஸ் வட்டைத் திறந்து எழுத முயன்றால் லினக்ஸ் மறுத்துவிடும். மறுப்பது நம் நன்மைக்கே. மறுதுவக்கம் என்பதை அமுக்கி அவ்வழியாகவே பென்டிரைவிற்குச் செல்லுதல் நன்று. இரண்டாவது மிக முக்கியமானது. இக்காலத்து மடிக்கணினிகளிற் பல, உடையவர் அறியாமலே பிட்லாக்கர் என்னும் பூட்டினால் வட்டை மறைத்து வைத்துள்ளன. ஃபர்ம்வேர் அமைப்பில் எதையேனும் மாற்றினால், அடுத்தமுறை விண்டோஸ் துவங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அச்சாவி பெரும்பாலும் உடையவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதனை முதலிற் கண்டெடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பின்னரன்றி வேறொன்றும் தொடலாகாது. செக்யூர் பூட் என்னும் காவலை அணைக்கவேண்டுமென்று பழைய குறிப்புகள் கூறும். டெபியன் 2019 ஆம் ஆண்டின் 10 ஆம் வெளியீடு தொட்டு அக்காவலோடே துவங்கும், அணைக்க வேண்டுவதில்லை.

மடிக்கணினி எழும்பொழுது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்னும் விசைகளுள் அதன் வகைக்குரியதை அமுக்கினால் எதிலிருந்து துவங்குவதென்னும் பட்டியல் தோன்றும். பென்டிரைவைத் தெரிந்தெடுத்தால், சிறிது நேரத்தில் டெபியனின் மேசை வந்துவிடும். சற்று வாளாவிருந்தால் திரை பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்கலாம். லைவ் என்னும் ஆங்கிலச் சொல்லே, சிறிய எழுத்துக்களில், கடவுச்சொல்லாக வைக்கப்பட்டிருக்கின்றது. இங்கே பலர் செய்வது என்னவெனில், பின்னணிப் படத்தைப் பார்த்து, இரண்டு சாளரங்களைத் திறந்து மூடி, அழகாயிருக்கின்றது என்றோ இல்லையென்றோ அபிப்பிராயம் கூறிவிடுதல். அழகைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பரீட்சை என்பது இந்த வெளியீட்டிற்கும் இந்த யந்திரத்திற்கும் பொருத்தம் பார்த்தலேயாம்.

முதலிற் காணத்தக்கது வைஃபை. கம்பியில்லா இணைப்புச் சில்லுகளிற் பெரும்பாலானவை, தம் உள்ளே ஓடவேண்டிய ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரலைத் தாமே வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை துவங்கும்போதும் இயங்குதளம் அதனை ஊட்டவேண்டும். அந்நிரல்களின் மூலம் வெளியிடப்படாதது. ஆதலின் கட்டற்ற மென்பொருளே தருவோம் என்னும் விரதமுடைய டெபியனார், நெடுங்காலம் அதனைத் தம் அதிகாரபூர்வப் பிரதியிற் சேர்க்கவில்லை. நிறுவ வந்தவர், இணைப்பிற்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேருக்கு இணைப்பு வேண்டும் என்று சுழன்றனர். 2022 ஆம் ஆண்டில் உறுப்பினர் வாக்களித்து இவ்விதியைத் தளர்த்தினர். 2023 ஜூன் 10 ஆம் தேதி வந்த 12 ஆம் வெளியீடு முதற்கொண்டு ஃபர்ம்வேர் பிரதியிலேயே இருக்கின்றது. கொள்கையைக் கைவிட்டனர் என்று குறைகூறியவரும் உண்டு. பயன்படாத யந்திரத்தில் எந்தக் கட்டற்ற மென்பொருளும் ஓடாதாகையால், அவர் செய்தது தக்கதென்பதே எம் கருத்து. இப்போது பெரும்பாலான வைஃபை சில்லுகள் லைவ் துவங்கியவுடனே வேலை செய்யும். பிராட்காம் சில்லுகளிற் சில மட்டும் தனி டிரைவர் வேண்டி நிற்கும். அவற்றிற்கு முதல் நாள் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியாற் பிணைத்து அதன் இணைப்பைக் கடன் வாங்குதலே எளிய வழி.

அடுத்தது உறக்கம். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது உறங்கவேண்டும், திறந்தால் விழிக்கவேண்டும். கேட்பதற்கு இது போல் எளியது இல்லை; லினக்ஸில் இதுபோல் இடர்தருவதும் இல்லை. உறக்கத்தில் இருவகை உண்டு. பழைய யந்திரங்கள் நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் விட்டு, மற்ற உறுப்புகளையெல்லாம் அணைத்துவிடும். புதியவை பலவோ, எல்லா உறுப்புகளையும் அணைக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே மயங்க வைக்கின்றன. இரண்டாவது வகையில் ஓர் உறுப்பு மயங்க மறுத்தாலும் மின்கலம் வடிந்துகொண்டேயிருக்கும். ஆகையால், பென்டிரைவைப் பிடுங்காமல் மூடியைச் சாத்தி, ஒருமணி நேரம் கழித்துத் திறந்து, மின்கலத்தின் அளவு முன்னிருந்ததினின்றும் எவ்வளவு குறைந்துள்ளது என்று பார்த்தல் வேண்டும். இரண்டொரு விழுக்காடாயின் நன்று. பத்து விழுக்காடு குறைந்ததாயின், காலையிற் பைக்குள் வைத்த யந்திரம் மாலை வகுப்பிற்கு உதவாது. விழித்தபின் வைஃபை, ஒலி, தொடுபலகை ஆகியவை திரும்பினவா என்பதையும் காண்க.

பின்னர், ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, கேமரா, திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், புளூடூத் ஆகியவற்றை ஒரு நடை பார்த்துவிடலாம். புரொஜெக்டரை மட்டும் மறவாது கல்லூரிக்கே கொண்டுவந்து இணைத்துப் பார்த்தல் வேண்டும். கருத்தரங்கில் எழுந்து நின்று கம்பியைச் செருகியபின் திரை இருண்டிருப்பதைக் காட்டிலும் வேறு சங்கடம் மாணவர்க்கு யாதுளது? உலாவி வழியாகக் காணொளி வகுப்பிற் புகுந்து திரையைப் பகிர்ந்து பார்ப்பதும் நன்று.

தமிழ் எழுதுவார் தனியே காணவேண்டியது ஒன்றுண்டு. தமிழைப் படிப்பதில் இடரில்லை. யூனிகோடு எழுத்துருக்கள் உள. எழுதுவதற்கு, க்னோமின் விசைப்பலகை அமைப்பில் 1999 ஆம் ஆண்டு சென்னை மாநாட்டில் வகுக்கப்பட்ட தமிழ்99 முறையின் பலகை கிடைக்கும். ஆயினும் அம்முறையின் சிறப்பு, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே ஏறுதலாம். விசையை எழுத்தாக மாற்றுவது மட்டுமே செய்யும் எளிய பலகைக்கு முன்னே தட்டியது இன்னதென்று நினைவிராது. ஆதலின் அதனால் இது செய்ய முடியாது. ஐபஸ் எம்17என் என்னும் பொதியை நிறுவிக்கொண்டால் இக்குறை நீங்கும். லைவிலேயே நிறுவிப் பார்க்கலாம். கண்ணாடித்தாளின்மேல் எழுதிய எழுத்தாகையால், அணைத்தவுடன் அதுவும் போய்விடும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வீட்டிலிருந்தால், அவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்தல் அவசியம். அவை எழுத்தாகத் தோன்றாது ஆங்கிலக் குறிகளாகத் தோன்றின் குற்றம் லினக்ஸினதன்று. அக்கோப்புகள் தமிழை ஆங்கில எழுத்தின் இடத்தில் மறைத்து வைத்தவை. அவற்றை யூனிகோடாக மாற்றிக்கொள்வது, எந்த இயங்குதளத்தில் இருப்பவர்க்கும் என்றேனும் ஒருநாள் செய்யவேண்டிய வேலையே.

லைவ் சொல்லமாட்டாத செய்திகளும் உள. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் நிரல்கள் மெல்லத் திறக்கும். அதைக்கொண்டு வேகத்தை மதித்தலாகாது. மேலடுக்கு நினைவகத்தில் இருப்பதால் நினைவகத்தின் நெருக்கடியும் மெய்ந்நிலையினும் மிகுதியாகவே தோன்றும். 4 ஜிகாபைட் உடையார்க்கு க்னோமைவிட எக்ஸ்எஃப்சிஇ தகும் என்பது எம் துணிபு. இரண்டின் லைவ் பிரதிகளையும் தனித்தனியே ஓட்டி, உலாவியில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்து ஒப்பிட்டால் ஒவ்வொருவரும் தாமே காண்பர். அன்றியும், தம் பாடத்திற்கு வேண்டிய நிரல்களின் ஜாபிதா ஒன்றை எழுதி, ஒவ்வொன்றும் லினக்ஸில் உண்டா, ஒத்தது உண்டா, இரண்டும் இல்லையா என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். லிப்ரே ஆபீஸ் 25.2 இவ்வெளியீட்டில் உள்ளது. சாதாரணக் கட்டுரைகளும் கணக்கேடுகளும் அதில் நன்கு திறக்கும். ஆனால் வீட்டிலிருந்தே எழுதும் இணையத் தேர்வுகளிற் சில, யந்திரத்தைப் பூட்டிவைக்கும் தனி உலாவியைக் கேட்கின்றன. அத்தகையவற்றிற் பல லினக்ஸிற்கு இல்லை. இதனை முன்னரே விசாரியாது விண்டோஸை அழித்தவர் தேர்வன்று தவிப்பர்.

இனி நிறுவுதல். கண்ணாடித்தாளை நீக்கி மெய்யாகவே புத்தகத்தில் எழுதுவது இங்கேதான். ஆதலின் அச்சம் நியாயமாவதும் இங்கேதான். முதலில், லைவிலிருந்து பார்க்கும்போது உள்வட்டு கண்ணுக்குத் தெரிகின்றதா என்று நோக்குக. இன்டெல் யந்திரங்கள் சிலவற்றில் வட்டானது ரெய்டு என்னும் முறையில் அமைக்கப்பட்டு லினக்ஸிற்குத் தோன்றாது ஒளிந்திருக்கும். ஃபர்ம்வேரில் அதனை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் தோன்றும். ஆனால் விண்டோஸை முன்னதாக ஆயத்தம் செய்யாது மாற்றினால் அது துவங்காது போம். வட்டு தெரிந்ததாயின், அதிலுள்ள கோப்புகளின் நகல் வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். நகலெடுத்தாற் போதாது, நகலைத் திறந்தும் பார்க்கவேண்டும். லைவிலுள்ள நிறுவும் நிரல், வட்டை முழுதும் அழித்து நிறுவலாமா, விண்டோஸின் பக்கத்தில் இடங்குறைத்து நிறுவலாமா, நாமே பகுதி பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்கும். இவ்வொரு கேள்விக்கு மறுமொழி கூறுமுன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வது வீணன்று. அது காட்டும் முன், பின் என்னும் இரண்டு பட்டைப் படங்களிலும் விண்டோஸின் பகுதி நிற்கின்றதா, நீங்குகின்றதா என்று பார்த்தபின்னரே மேற்செல்லுக. விண்டோஸின் பகுதியைச் சுருக்கவேண்டுமாயின் அவ்வேலையை விண்டோஸிற்குள்ளிருந்தே செய்துவிட்டு வருதல் பாதுகாப்பானது.

காலத்தையும் கருதவேண்டும். பருவத்தேர்விற்கு முந்திய இரண்டு வாரங்களும், ஆராய்ச்சிக் கட்டுரை ஒப்புவிக்கும் மாதமும் இதற்கு ஏற்றவையல்ல. கோடை விடுமுறையின் தொடக்கம் மிக நன்று. டெபியன் 12ஐ ஏற்கெனவே ஓட்டுபவர், புதிதாக நிறுவாமலே 13க்கு ஏறலாம். ஆயின் 11இலிருந்து 12ஐத் தாண்டிக் குதித்தலை டெபியனார் ஆதரிப்பதில்லை. 13 ஆம் வெளியீட்டிற்கு முழு ஆதரவு மூன்று ஆண்டும், அதன்மேல் நீடித்த ஆதரவு இரண்டு ஆண்டும் என வகுத்திருக்கின்றனர். அஃதாவது, இன்று முதல் வகுப்பிற் சேருபவர் பட்டம் பெற்றுப் போகுமளவும் இது போதும்.

நிறுவி முடிந்தபின் பென்டிரைவை வேறு வேலைக்கு அழித்துவிடாது ஓராண்டேனும் வைத்திருத்தல் உசிதம். யந்திரம் துவங்காது நின்ற வேளையில், அதைச் செருகி லைவ் மேசைக்கு வந்து, வட்டைத் திறந்து, மறுநாட் காலையில் ஒப்புவிக்கவேண்டிய கட்டுரையை வேறொரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம்.